சிரித்ததையும் எழுதி வையுங்கள்



துயரமும் எள்ளலும் என்ற பொருளில் கிளிநொச்சியில் ஒரு கருத்தரங்கு என்றதும், "இங்கே எள்ளலுக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். 2009இல் போர் முடிந்த பின் இந்த மண்ணைப் பற்றி எழுதப்பட்டவற்றை அடுக்கி வைத்தால் ஒப்பாரியும் வாக்குமூலமும்தான் மேலே தெரியும். அவை எழுதப்பட்டே ஆகவேண்டியவை. ஆனால் அவற்றை மட்டும் வாசிக்கும் வெளியாள், வன்னிச் சனம் பகிடி விடத் தெரியாத சனம் என்று எண்ணிவிடுவார். செத்தவீட்டுப் பந்தலில் விடியவிடியக் காட்ஸ் விளையாடி, செத்தவரின் கஞ்சத்தனத்தைச் சொல்லிச் சிரித்து, அதற்குப் பிறகு பாடை தூக்கும் ஆட்களைப் பற்றியா இப்படி ஓர் எண்ணம்?

தலைமை வகிப்பவனுக்கு உள்ள சலுகையில், தொலைவிலுள்ள ஒருவரிடமிருந்து தொடங்குகிறேன். ஏ. ஈ. ஹவுஸ்மன் என்ற ஆங்கிலக் கவிஞர் 1859இல் பிறந்தவர். பன்னிரண்டாவது பிறந்தநாளன்று தாயை இழந்தார். ஒக்ஸ்போர்ட்டில் எல்லோரும் முதல் வகுப்பை எதிர்பார்த்திருக்க, 1881இல் இறுதித் தேர்வில் தோற்றார். பிறகு பத்து வருடம் இலண்டன் காப்புரிமை அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை. மாலையில் நூலகத்தில் இருந்து இலத்தீன் ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். அந்தக் கட்டுரைகளின் பலத்தில்தான், தேர்வில் தோற்றவர் 1892இல் இலண்டனில் இலத்தீன் பேராசிரியரானார். 1896இல் 'எ ஷ்ரொப்ஷயர் லாட்' என்ற தொகுதியைத் தன் செலவில் அச்சிட்டார். அறுபத்து மூன்று சிறிய பாடல்கள். இளம் வயதுச் சாவு, தூக்குமரம், கைகூடாத காதல், போருக்குப் போய்த் திரும்பாதவர்கள். பின்னர் புத்தகம் பரவியபோது, விலை ஏறக்கூடாது என்று தனக்குரிய பங்குத் தொகையை வேண்டாம் என்றார். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்குள் சிப்பாய்கள் சட்டைப்பையில் கொண்டு திரிந்த புத்தகங்களில் அதுவும் ஒன்று.

இவ்வளவு இருட்டான பாடல்களுக்குள் ஒரு வறட்டுச் சிரிப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. தொகுதியின் அறுபத்திரண்டாவது பாடலில் ஒரு நண்பன், 'இப்படி அழுமூஞ்சிப் பாட்டுப் பாடி எங்களைக் கொல்லாதே' என்று குறைப்படுகிறான். அவனுக்குப் பதிலாகப் பழைய பொந்தஸ் நாட்டு அரசன் மித்ரிடாதீஸின் கதை வருகிறது. தினமும் துளித்துளியாக நஞ்சைச் சாப்பிட்டு உடம்பைப் பழக்கிக்கொண்டதால், பகைவர் வைத்த நஞ்சுக்குத் தப்பி வயதாகிச் செத்த அரசன். கெட்ட காலம் வரத்தான் போகிறது, அதன் ருசியை இப்போதே நாக்குக்குப் பழக்கிவிடு என்கிறார் கவிஞர். இதில் ஆறுதல் எதுவும் இல்லை, பயிற்சிதான் இருக்கிறது. (கேம்பிரிட்ஜ் பேராசிரியராகி நல்ல சாப்பாட்டையும் நல்ல வைனையும் ரசித்துத் திரிந்தவர் அவர். துயரம் அவருடைய சாப்பாட்டு மேசைவரை போனதாகத் தெரியவில்லை.)

நமக்கு இது புதிதா? அளவெட்டியில் 1927இல் பிறந்த து. உருத்திரமூர்த்தியை, மஹாகவியை, நினைத்துக்கொள்ளுங்கள். அவரும் கொழும்பில் எழுதுவினைஞராகத் தொடங்கி, பின்னால் நிர்வாக சேவைக்குப் போனவர். அவரும் யாப்பை விடவில்லை. யாப்புக்குள் பேச்சின் ஓசை கேட்கும்படி வரிகளை முறித்துப் போட்டார். ஆங்கில லிமரிக்கைத் தமிழுக்கு இழுத்து வந்து, 1966இல் 'குறும்பா' என்று ஒரு தொகுதியே தந்தார். அவை எல்லாமே உயர்ந்தவை என்று நான் வாதாட மாட்டேன். சில, எதுகைக்காக எழுதியவை. ஆனால் கோப்புகளுக்குள் உட்கார்ந்து உலகத்தைப் பார்த்த ஒருவரின் குறும்புக்கண் அவற்றில் இருக்கிறது.

அந்தக் கண் துயரத்தின் பக்கம் திரும்பும்போதுதான் மஹாகவி பெரிய கவிஞராகிறார். படித்துக்கொண்டிருந்த புத்தகத்தில் ஒரு புள்ளியளவு பூச்சியைத் தெரியாமல் நசுக்கிவிட்டதற்கு ஒரு கவிதை. நிலாவில் மனிதன் கால் வைத்த காலத்தில், தேர்வடம் பிடிக்க வந்தவன் சாதியின் பேரால் அடிபட்டு விழுவதற்கு ஒரு கவிதை. 'மீண்டும் தொடங்கும் மிடுக்கு' என்ற கவிதையில், மழையில்லாத பாறை நிலத்தைக் கொத்திப் பயிராக்குகிறான் ஒரு கமக்காரன். விளைந்து நிற்கும்போது மழை வந்து எல்லாவற்றையும் கொண்டுபோகிறது. அவன் திரும்பவும் கொத்தத் தொடங்குகிறான். வேண்டியபோது பெய்யாத வானம், வேண்டாதபோது கொட்டுகிறது. இந்த முரணைக் கவிஞர் கத்திச் சொல்லவில்லை. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறந்த நாள்களில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வயல்கள் மூழ்கிக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, அந்தக் கவிதைக்கு உரை தேவையில்லை.

இனி நம்முடைய சொந்தக் கணக்குக்கு வருவோம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில், நாலு சொட்டுப் பெற்றோலை விட்டு உதைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களின் புகையை வைத்து எத்தனை பகிடிகள்! ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச எண்ணெயும் வைத்து ஏற்றிய விளக்கில் படித்துப் பரீட்சை எழுதிய தலைமுறை அந்த வெளிச்சத்தைப் பற்றி இன்றைக்கும் பெருமையும் கேலியும் கலந்துதான் பேசுகிறது. கடைசி இடப்பெயர்வில் கதவு, நிலை, கூரைத்தகரம் எல்லாவற்றையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று போனவர்கள், வீட்டை விட்டுவிட்டுக் கதவை மட்டும் காப்பாற்றிய கதையை, கேட்பவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாதபடி சொல்கிறார்கள். இவை இன்னும் நம் ஆவணத்துக்குள் வரவில்லை. ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டதும் சனம் வாக்குமூலத்துக்குரிய குரலுக்கு மாறிவிடுகிறது. கருவியை நிறுத்தித் தேத்தண்ணி வந்த பிறகுதான் மற்றக் குரல் வருகிறது. ஆய்வாளர் அப்போது குறிப்புப் புத்தகத்தை மூடிவிட்டிருப்பார்.

இதில் ஓர் எச்சரிக்கையும் தேவை. மித்ரிடாதீஸின் கதையில் ஹவுஸ்மன் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. ரோமரிடம் தோற்று, தானே சாக விரும்பி நஞ்சு குடித்தபோது அது அவனுக்கு வேலை செய்யவில்லையாம். கடைசியில் தன் படைவீரன் ஒருவனின் வாளுக்காகக் கெஞ்சவேண்டி வந்தது என்கிறார்கள் பழைய வரலாற்றாசிரியர்கள். எதற்கும் பகிடி சொல்லிப் பழகியவர் அழவேண்டிய நாளில் அழ முடியாமல் நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். காணாமலாக்கப்பட்ட பிள்ளையைத் தேடி 2017 பெப்ரவரியிலிருந்து இந்த ஊர்த் தெருவோரத்தில் உட்கார்ந்த தாய்மாரின் முன்னால் எந்தக் கவிஞருடைய சிரிப்புக்கும் இடமில்லை. சிரிக்கும் உரிமை பட்டவருக்கே உண்டு. பார்த்தவருக்கோ ஆய்வு செய்பவருக்கோ அது தானாகக் கிடைத்துவிடாது. இந்த எல்லையை எங்கே போடுவது என்பதில் கட்டுரையாளர்கள் தங்களுக்குள் முரண்பட்டால் நான் மகிழ்வேன்.

கட்டுரை வாசிக்க இருக்கும் இளையவர்களிடம் ஒரு கோரிக்கை. எள்ளலை 'உத்தி' என்ற தலைப்பின் கீழ் ஒரு பந்தியில் முடித்துவிடாதீர்கள். யார் சிரித்தார், யாரைப் பார்த்து, எந்த மாதத்தில், என்ன சாப்பிட்டிருந்தார் என்பதையெல்லாம் கேளுங்கள். வன்னியின் பண்டிப் பள்ளையும் குருவிப் பள்ளையும் மஹாகவிக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பயிரைத் தின்னும் பன்றியையும் குருவியையும் பாட்டுடைத் தலைவர்களாக்கியவர்கள் நமக்கு முன்னோடிகள்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் பதினைந்து நிமிடம். மணியை நான் வைத்திருக்கிறேன், தயவு காட்டமாட்டேன். முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.