எடைக்குப் போன விமானங்கள்

காபூல் விமான நிலையத்தின் ஓரமாக 16 சரக்கு விமானங்கள் பறக்காமல் நின்றுகொண்டிருந்தன. ஜி222 என்ற இத்தாலிய ரகம். ஆப்கான் விமானப்படைக்காக இப்படி 20 பழைய விமானங்களைச் செப்பனிட்டு வாங்கியது அமெரிக்கா. செலவு கிட்டத்தட்ட 50 கோடி டாலர். உதிரிபாகம் கிடைக்கவில்லை, பராமரிப்பும் ஒழுங்காக இல்லை. 2014இல் அந்தப் பதினாறையும் வெட்டி எடைக்குப் போட்டார்கள். பவுண்டு 6 சென்ட். கைக்கு வந்தது சுமார் 32,000 டாலர். நம்மூர் காயலான் கடைக்காரர்கூட இரும்பைத் தட்டிப் பார்த்துத்தான் விலை சொல்வார்!

இதைத் தோண்டி வெளியே கொண்டுவந்தவர் ஜான் சாப்கோ. அப்போது அவர் ஆப்கான் மறுகட்டமைப்புக்கான அமெரிக்க அரசின் சிறப்புத் தலைமை ஆய்வாளராக இருந்தார். அந்த அலுவலகத்தைச் சுருக்கமாக ‘சிகார்’ என்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமெரிக்க நாடாளுமன்றத்திடம் கணக்கு ஒப்பிப்பது அதன் வேலையாக இருந்தது. தாலிபான் ஆட்சி விழுந்தது 2001இல். சிகார் பிறந்தது 2008இல். ஈராக்குக்கு இப்படி ஓர் அலுவலகம் 2004லேயே வந்துவிட்டது. ஆப்கானிஸ்தானிலோ ஆறேழு ஆண்டுகள் பணத்தை வாரி இறைத்த பிறகுதான், இதற்கென்றே ஒரு காவல்காரரை வைத்தார்கள். அவரும் குற்றத்தை விசாரிக்க முடிந்தது, அறிக்கை எழுத முடிந்தது. ஒரு திட்டத்தை ‘நிறுத்து’ என்று உத்தரவிட முடியவில்லை.

ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்தில் நடந்ததைக் கேளுங்கள். 64,000 சதுர அடியில் ஓர் அமெரிக்க ராணுவத் தலைமையகம் கட்டத் திட்டம். அங்கிருந்த தளபதிகளே 2010இல், “எங்களுக்கு இது வேண்டாம்” என்று எழுதினார்கள். ஒதுக்கிய பணத்தைத் திருப்பி அனுப்புவது சரியல்ல என்று மேலதிகாரி ஒருவர் முடிவெடுத்தார். சுமார் 3 கோடியே 60 லட்சம் டாலரில் கட்டடம் எழும்பியது. அதில் யாரும் குடியேறவே இல்லை.

எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான். இந்தக் கட்டடத்தில் யாரும் பணத்தைச் சுருட்டியதாகத் தெரியவில்லை. எவ்வளவு செலவானது என்பதே வேலை நடந்ததற்கு அடையாளமாகிவிட்டது. ஒரு பள்ளிக்கூடம் கட்டினால், அதில் பிள்ளைகள் இருக்கிறார்களா, ஆசிரியர் வருகிறாரா என்று பார்ப்பது கடினம். செலவுச் சீட்டைக் காட்டுவது சுலபம்.

2021 ஆகஸ்ட் 15இல் காபூல் மீண்டும் தாலிபானிடம் விழுந்தது. அதே மாதம் சிகார் 20 ஆண்டு மறுகட்டமைப்பின் படிப்பினைகளை அறிக்கையாக வெளியிட்டது. அதற்குப் போனது சுமார் 14,500 கோடி டாலர் என்கிறது அது. பக்கத்திலேயே இன்னொரு கணக்கும் இருக்கிறது: உயிரிழந்த ஆப்கான் படையினர் குறைந்தது 66,000 பேர், பொதுமக்கள் 48,000 பேர்.