சிரம்பியடியில் ஒரு பிற்பகல்



ஏறக்குறைய 25 ஆண்டுகளுக்கு முன்னர், நான் சரித்திரம் கற்பித்துக்கொண்டிருந்த வகுப்பிலே ஒரு மாணவன் எழுந்து நின்றான். "ஐயா, புத்தளம் சந்தையிலே சுருண்ட கேசமுடைய சிலரைக் கண்டேன். ஆபிரிக்கரைப் போலிருந்தார்கள், ஆனால் நம்மைப்போலவே பேசினார்கள். அவர்கள் யார்?" என்று வினவினான். 1505 இல் போர்த்துக்கேயர் வந்ததையும் 1796 இல் பிரித்தானியர் கொழும்பைக் கைப்பற்றியதையும் பிழையின்றிச் சொல்ல வல்ல எனக்கு, அவ்வினாவுக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் துணிவும் இருக்கவில்லை. "யாரோ பிறதேசத்தார், நீ பாடத்தைக் கவனி" என்றேன். வகுப்பு சிரித்தது. அச்சிரிப்பு இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது.

அண்மையில் ஒரு விடுமுறை நாளில், புத்தளம் நகருக்கு அணித்தேயுள்ள சிரம்பியடிக் கிராமத்திற்குச் சென்றிருந்தேன். தென்னையும் வேம்பும் நிழல் செய்யும் அமைதியான ஊர். கோழி கூவுவதும் எங்கோ கிணற்றில் வாளி மோதுவதுமன்றி வேறு ஓசையில்லை. இங்குதான் காப்பிரியர் எனப்படும் ஆபிரிக்க வழித்தோன்றல்களுட் சில குடும்பங்கள் வாழ்கின்றன. அப்பெயர், இஸ்லாத்தை ஏற்காதவரைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. தென்னாபிரிக்காவில் அது கொடிய வசைச்சொல். இங்கோ அம்மக்கள் அதனைத் தம் இனத்தின் பெயராகவே கொண்டுள்ளனர்.

ஆபிரிக்கர் இத்தீவுக்கு வந்தது நேற்றன்று. 1344 இல் இங்கு வந்த மொரோக்கோப் பயணி இபுன் பதூதா, கொழும்பில் ஆட்சி செய்த ஒருவரிடம் ஏறக்குறைய 500 அபிசீனியர் இருந்தனர் என்று எழுதியுள்ளார். பின்னர் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆபிரிக்கரை அடிமைகளாகவும் போர்வீரராகவும் கொண்டுவந்தனர். கொழும்புக் கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலத்தில் 'அடிமைத் தீவு' என்று பொருள்படும் பெயர் வழங்கியது, ஒல்லாந்தர் தம் அடிமைகளை அங்கே வைத்திருந்தமையாலேயே. பிரித்தானியரும் ஆபிரிக்கரைத் தம் படையணியிற் சேர்த்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அப்படை கலைந்தபோது, புத்தளத்திலிருந்த வீரர்கள் இம்மண்ணிலேயே குடியமர்ந்தனர். தாமாக விரும்பி ஏறிய கப்பலில் வந்தவர்கள் அல்லர் அவர்களின் முன்னோர். ஆயினும் வந்த இடத்தையே தம் ஊராக்கிக்கொண்டனர்.

ஒரு வீட்டின் விறாந்தையில் முதிய தாயொருவர் எனக்குக் கதிரையிட்டு, தேநீரும் தந்தார். உங்கள் பழைய மொழி எது, அம்மா, என்று கேட்டேன். போர்த்துக்கேயம் கலந்த ஒரு மொழியைத் தம் பாட்டி பேசியதாகவும், இப்போது வீட்டிலே சிங்களமே வழங்குவதாகவும் சொன்னார். "பாட்டு மட்டும் இருக்கிறது, ஐயா" என்று கூறிப் பாடத் தொடங்கினார். அதனை மஞ்சா என்பர். அயலிலிருந்தவர்களும் வந்து சேர்ந்தனர். ஒருவர் சிரட்டைகளைத் தட்டினார், ஒருவர் கரண்டியாற் போத்தலை ஒலித்தார், றபானும் முழங்கிற்று. மெல்லத் தொடங்கிய பாட்டு, வரவர விரைவுகொண்டு, இருந்தவர்களை எழுப்பி ஆடவைத்தது.

பாட்டு முடிந்ததும் அதன் பொருளைக் கேட்டேன். அந்தத் தாய் புன்னகை செய்தார்.

"பாட்டு எங்கள் வாயில் நிற்கிறது, ஐயா. பொருள் பாட்டியோடு போய்விட்டது."

நான் வாய்மூடியிருந்தேன். பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. நான் அமர்ந்திருந்த கதிரை என்னும் சொல்லே போர்த்துக்கேயர் தந்தது. மேசை, அலுமாரி, சப்பாத்து ஆகியனவும் அவ்வாறே. ஆட்சி செய்தவர்களின் சொற்களை நம் வீட்டுச் சொற்களாக ஏற்றுக்கொண்ட நாம், அவர்களாற் கொண்டுவரப்பட்ட மனிதரை மாத்திரம் பிறதேசத்தார் என்கின்றோம். கதிரைக்கு நம் வீட்டில் இடமுண்டு. இவர்களுக்கு நான் கற்பித்த சரித்திர பாடத்தில் ஒரு வரியும் இருக்கவில்லை.

ஒரு மொழி ஒரே நாளில் மறைவதில்லை. முதலிற் சந்தையிலும், பின்னர் வீட்டிலும், இறுதியிற் பாட்டின் பொருளிலும் அது மெல்லத் தேய்கின்றது. இழந்ததை மீட்டுத்தர ஒரு பாடசாலை அதிபரால் இயலாது. எஞ்சியிருப்பதைக் கேட்கவும், கேட்டதை மாணவருக்குச் சொல்லவும் இயலும். மறுவாரம் எங்கள் பாடசாலைக் காலைக் கூட்டத்திலே சிரம்பியடியைப் பற்றிப் பேசினேன். அன்று எவரும் சிரிக்கவில்லை. "நாங்களும் அந்தப் பாட்டைக் கேட்கலாமா, ஐயா?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

முன்னர் என்னிடம் வினவிய மாணவன் இன்று பிள்ளைகளுக்குத் தந்தையாயிருப்பான். அவன் எங்கிருக்கின்றான் என்று அறியேன். ஒருவேளை இவ்வேளையில் வானொலியருகே அமர்ந்திருக்கவும் கூடும். தம்பி, நீ சந்தையிற் கண்டவர்கள் பிறதேசத்தார் அல்லர்; பல தலைமுறைகளாக நம் அயலவர். விடை தாமதித்தமைக்கு உன் ஆசிரியனைப் பொறுத்தருள்க.