1,777 ஏக்கரும் அதற்குப் பிறகும்



2025 ஜூலை 15. பெங்களூரு விதான சௌதாவில் விவசாயிகளோடு பேசி முடித்த கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா, தேவனஹள்ளி தாலுகாவில் விண்வெளி, பாதுகாப்புத் தொழில் பூங்காவுக்காக நிலம் எடுக்கும் திட்டத்தை முழுமையாகக் கைவிடுவதாக அறிவித்தார். சன்னராயபட்டணா ஹோப்ளியில் 13 கிராமங்கள், 1,777 ஏக்கர். ஹோப்ளி என்றால் தமிழ்நாட்டுப் பிர்க்கா மாதிரியான வருவாய்க் குறுவட்டம். அந்த 13 ஊர்க்காரர்கள் 2022 ஏப்ரலில் உட்கார்ந்த போராட்டம் மூன்று ஆண்டுகளைத் தாண்டி ஓடியிருந்தது. 2025 ஜூன் 25 அன்று ‘தேவனஹள்ளி சலோ’ என்று ஊர்வலம் கூடியபோது போலீசார் பலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நடிகர் பிரகாஷ் ராஜ் உட்படப் பலர் விவசாயிகளின் பக்கம் நின்றார்கள். மூன்று கிராமங்களை மட்டும் விட்டுவிடுகிறோம் என்று அரசு இறங்கிவந்து பார்த்தது. எடுபடவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் விட வேண்டியதாயிற்று.

அறிவிப்பு வந்த சூட்டோடு சூடாக ஆந்திர அமைச்சர் நாரா லோகேஷ் சமூக வலைத்தளத்தில் ஒரு செய்தி போட்டார். விண்வெளித் தொழில் நிறுவனங்களே, எங்களிடம் வாருங்கள், பெங்களூருக்குப் பக்கத்திலேயே 8,000 ஏக்கருக்கும் மேல் நிலம் தயாராக இருக்கிறது என்பது அதன் சாரம். ஒரு மாநிலத்தில் விவசாயி மூச்சு விடுவதற்குள் அடுத்த மாநிலத்தில் கடை விரித்தாயிற்று. முதலீடு எங்கே போகும் என்ற அச்சம்தான் நிலம் எடுக்கும் ஒவ்வொரு அரசின் தலைமாட்டிலும் உட்கார்ந்திருக்கிறது.

சரி, அந்த 1,777 ஏக்கர் எப்படிப்பட்ட நிலம்?

பெங்களூரிலிருந்து வடக்கே போனால் நந்தி மலை வரும். விடிகாலையில் சூரியன் பார்க்க மோட்டார் சைக்கிளில் கூட்டம் கூட்டமாகப் போகிறார்களே, அதே மலை. அந்த வட்டாரத்து மலைகளில்தான் தென்பெண்ணை பிறக்கிறது. பாலாறும் அந்தப் பக்கத்திலிருந்துதான் கிளம்புகிறது. அர்க்காவதி அங்கே தோன்றி, ஹெசரகட்டா, திப்பகொண்டனஹள்ளி ஏரிகளுக்கு நீர் தந்து, மேகேதாட்டுக்கு அருகே காவிரியில் கலக்கிறது. ஆக, தேவனஹள்ளியிலும் ஒசகோட்டையிலும் தொட்டபள்ளாபுரத்திலும் நிலத்தை என்ன செய்கிறார்கள் என்பது கிருஷ்ணகிரிக்கும் வேலூருக்கும் கடலூருக்கும் அந்நியமான செய்தி இல்லை. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி நிற்கும் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அது பெங்களூரின் கழிவு கலந்த தென்பெண்ணை.

மலையடிவாரத்துச் செம்மண்ணில் ராகி விளையும். நீர் கிடைத்த இடத்தில் காய்கறி, பூ, மல்பெரி. பக்கத்து விஜயபுரம் பட்டுக்கூட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். ‘பெங்களூரு நீலம்’ என்ற திராட்சைக்கும், ‘தேவனஹள்ளி சக்கோத்தா’ எனப்படும் பம்பளிமாஸுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இதே தாலுகாவின் நல்லூரில் ஒரு பழைய புளியந்தோப்பு உண்டு. ஊர்க்காரர்கள் அதைச் சோழர் காலத்தோடு சேர்த்துப் பேசுவார்கள். இந்தியாவின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்ற தகுதி 2007இல் அதற்குத்தான் கிடைத்தது. திப்பு சுல்தான் பிறந்த ஊர் என்பதைத் தவிர தேவனஹள்ளியைப் பற்றி வேறொன்றும் தெரியாதவர்கள் ஒருமுறை அந்தத் தோப்புக்குள் நடந்துவிட்டு வரலாம்.

விவசாயிகள் சொன்ன வாதமும் இந்த விளைச்சலை வைத்துத்தான். இது தரிசு கிடையாது, மாதம் தவறாமல் வருமானம் தரும் நிலம், பெங்களூரின் காய்கறிக் கூடையும் பால் கேனும் இங்கிருந்து நிரம்புகின்றன என்றார்கள். தொழிற்சாலையே வேண்டாம் என்று அவர்கள் சொன்னதாகப் பரப்பப்பட்டது. சுற்றிலும் விமான நிலையத்தையும் தொழிற்பேட்டைகளையும் கண்ணால் பார்த்தபடி வாழ்கிறவர்களுக்குத் தொழிற்சாலை புதிதா என்ன?

விமான நிலையத்திலிருந்து தொடங்கினால் கதை இன்னும் விளங்கும். பெங்களூரு ஊரக மாவட்டம் 1986இல் பழைய பெங்களூரு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. நகரத்தின் பாய்ச்சல் ஒரு கையில், கிராமத்தின் தேவை மறு கையில் என்று தனித்தனியே கவனிக்கத்தான் இந்த ஏற்பாடு. 2007இல் ராமநகரம், சன்னபட்டணா, கனகபுரா, மாகடி நான்கும் தனி மாவட்டமாகப் பிரிந்தன. எஞ்சியவை தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரம், ஒசகோட்டை, நெலமங்கலா. மறு ஆண்டு, 2008 மே மாதத்தில், சுமார் 4,000 ஏக்கரில் தேவனஹள்ளி விமான நிலையம் திறந்தது. இன்று ஆண்டுக்கு 4 கோடிப் பயணிகளுக்கு மேல் அதில் வந்து போகிறார்கள். ராகி வயலுக்கு நடுவே ஆறுவழிச் சாலை வந்தது. சாலையோரம் ஓட்டல், கிடங்கு, கல்லூரி, விளம்பரப் பலகை. ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலையும் இந்தத் தாலுகாவுக்கு வந்துவிட்டது.

2025 ஜூலையில் நந்தி மலையில் கூடிய அமைச்சரவை, ஊரக மாவட்டத்துக்குப் ‘பெங்களூரு வடக்கு’ என்று பெயர் சூட்ட முடிவெடுத்தது. ராமநகரம் அதற்கு முன்பே ‘பெங்களூரு தெற்கு’ ஆகியிருந்தது. பெங்களூரு என்ற முத்திரை விழுந்தால் நிலத்தின் விலை ஏறும் என்பதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு மாற்றத்தையும் கட்டி மேய்க்கிறவர் யார்? இங்கேதான் சிக்கல். விமான நிலையத்தைச் சுற்றிய பகுதிக்கு ஒரு திட்ட ஆணையம். பெங்களூரைச் சுற்றிய சுமார் 8,000 சதுர கிலோமீட்டருக்கு 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இன்னோர் ஆணையம். தொழிலுக்கு நிலம் எடுக்கக் கர்நாடகத் தொழிற்பகுதி வளர்ச்சி வாரியம், கே.ஐ.ஏ.டி.பி. என்றால்தான் ஊரில் புரியும். வீடு கட்ட அனுமதி கேட்டுப் போனால் கிராம பஞ்சாயத்து. அரசமைப்புச் சட்டத்தின் 1992ஆம் ஆண்டுத் திருத்தங்கள் கிராமத்தையும் நகரத்தையும் சேர்த்து யோசிக்க மாவட்டத் திட்டக் குழு வேண்டும் என்கின்றன. காகிதத்தில் அதற்குக் குறைவில்லை. நிலத்தின் தலையெழுத்தை எழுதுவது என்னவோ வாரியத்தின் அறிவிக்கைதான். ஓர் அறிவிக்கை வெளியானால் ஊரே வரைபடத்தில் நிறம் மாறிவிடுகிறது. திட்டம் பிறகு மெல்ல நொண்டிக்கொண்டு வருகிறது.

அந்த வாரியம் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தில் இயங்குகிறது. 2013இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த நிலமெடுப்புச் சட்டம், எடுப்பதற்கு முன்னால் சமூகத் தாக்கத்தை ஆராய வேண்டும், தனியார் திட்டமென்றால் பாதிக்கப்படுகிற குடும்பங்களில் 80 விழுக்காட்டினர் சம்மதிக்க வேண்டும் என்கிறது. பழைய மாநிலச் சட்டத்தின் வழியே போனால் இந்தப் படிகளையெல்லாம் ஏற வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலும் தொழிலுக்கு நிலம் எடுக்க 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது என்பதால், இதைப் பக்கத்து வீட்டுச் சங்கதி என்று ஒதுக்கிவிட முடியாது. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2022இலிருந்து போராடி வருகிறார்கள்.

தேவனஹள்ளியில் அரசு விட்டுக்கொடுத்துவிட்டது, நிலம் பிழைத்தது என்று நினைக்கலாம். அங்கேதான் இரண்டாவது வாசல் திறந்து கிடக்கிறது. கர்நாடகத்தில் விவசாயி அல்லாதவர் விளைநிலம் வாங்கக் கூடாது என்றிருந்தது. வேறு வழியில் ஆண்டுக்கு 25 லட்சத்துக்கு மேல் சம்பாதிக்கிறவரும் வாங்க முடியாது என்றிருந்தது. நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 79ஏ, 79பி பிரிவுகள் அப்படித்தான் சொல்லிவந்தன. பினாமிப் பெயர்களில் மீறப்பட்ட சட்டம்தான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் ஒரு வேலி இருந்தது. 2020இல், கொரோனா முடக்கத்தின் நடுவே, முதலில் அவசரச் சட்டமாகவும் பிறகு திருத்தமாகவும் அந்தப் பிரிவுகள் நீக்கப்பட்டன. 1,777 ஏக்கர் கைவிடப்பட்ட நாளிலும் அந்தத் திருத்தம் நடப்பில் இருந்தது. ஆகவே வாரியம் மொத்தமாக எடுக்காத நிலத்தைச் சந்தை இரண்டிரண்டு ஏக்கராக எடுத்துக்கொள்ளத் தடையேதும் இல்லை.

எடுத்துக்கொண்டும் இருக்கிறது. பெங்களூரைச் சுற்றி நடமாடும் எவருக்கும் இந்தச் சொற்கள் தெரியும்: கன்வெர்ஷன், லேஅவுட், ரெவின்யூ சைட். விளைநிலத்தை முறையாக வீட்டுமனையாக மாற்ற மாவட்ட ஆட்சியரான டெபுடி கமிஷனரிடம் அனுமதி வாங்க வேண்டும், சாலைக்கும் பூங்காவுக்கும் இடம் விட வேண்டும். அதெல்லாம் இல்லாமலே கல் நட்டு விற்றால் அது ரெவின்யூ சைட். விலை குறைவு, டிரைவரும் தையல்காரரும் ஆலைத் தொழிலாளியும் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு அங்கேதான் வாங்குகிறார்கள். பிறகு வடிகாலும் இல்லை, வங்கிக் கடனும் இல்லை. இப்படிப்பட்டவற்றை அபராதம் கட்டச் சொல்லி முறைப்படுத்த மாநில அரசு கொண்டுவந்த ‘அக்ரம சக்ரம’ திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் 2017இல் தடை போட்டது. குற்றவாளி அந்தத் தையல்காரரா? நகரம் அவருக்கு வேறெங்கும் இடம் வைக்கவில்லை என்பதுதான் நிஜம்.

நிலத்தைத் திட்டமில்லாமல் பயன்படுத்துவது விமான நிலையத்தோடு தொடங்கியதும் இல்லை. 1980களில் சமூகக் காடு வளர்ப்பு என்ற பெயரில் கோலாரிலும் பெங்களூரு ஊரகத்திலும் ராகி வயல்கள் நீலகிரித் தோப்புகளாயின. தைல மரத்தை அங்கே நீலகிரி என்றே சொல்வார்கள். நட்டால் போதும், களை எடுக்க ஆள் வேண்டாம், சில ஆண்டுகளில் காகித ஆலைக்காரர் காசோடு வருவார். நகரத்து வேலைக்குப் போன குடும்பங்களுக்கு வசதி. நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போன பிறகு, 2017இல்தான் அதை நட மாநிலத்தில் தடை வந்தது.

நீரைப் பற்றித்தான் முதலில் பேசியிருக்க வேண்டும். பெங்களூரு ஊரக மாவட்டத்தில் வற்றாத ஆறு இல்லை, கால்வாய்ப் பாசனம் இல்லை. ஒன்றுக்கொன்று கோத்துவிட்ட ஏரிகளும் கிணறுகளும்தான் இருந்தன. இப்போது ஆயிரம் அடியைத் தாண்டும் போர்வெல்கள். ஊறுவதைவிட உறிஞ்சுவது அதிகம் என்ற பட்டியலில் மத்திய நிலத்தடி நீர் வாரியம் இந்தத் தாலுகாக்களை வைத்திருக்கிறது. பெங்களூரின் கழிவு நீரைச் சுத்திகரித்து ஹெப்பாள் - நாகவாரா பள்ளத்தாக்கிலிருந்து நாளொன்றுக்கு 21 கோடி லிட்டர் வரை வடக்கே ஏரிகளுக்கு அனுப்பும் திட்டம் நடக்கிறது. வறண்டு கிடந்த ஏரிகளில் தண்ணீர் நிற்கிறது, கிணறு ஊறுகிறது என்று மகிழ்கிறவர்கள் உண்டு. இரண்டாம் கட்டச் சுத்திகரிப்போடு நிறுத்திவிட்டார்கள், மூன்றாம் கட்டம் எங்கே என்று கேட்கிறவர்களும் உண்டு. இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஒரு தொழிற்பேட்டைக்கோ நகரியத்துக்கோ ஏக்கர் கணக்குப் போடும் கோப்பின் முதல் பக்கத்தில் தண்ணீர்க் கணக்கு இருக்க வேண்டாமா? பெரும்பாலும் அது பின்னிணைப்பில் கிடக்கிறது.

வேறு ஊர்களில் என்ன செய்தார்கள்? அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் 1973இல் ஒரு சட்டம் போட்டு, ஒவ்வொரு நகரமும் தன் வளர்ச்சிக்கு ஓர் எல்லைக்கோடு வரைய வேண்டும், கோட்டுக்கு வெளியே விளைநிலம் விளைநிலமாகவே இருக்கும் என்றது. கோட்டுக்குள் வீட்டு விலை ஏறுகிறது என்ற புகார் அங்கே உண்டு. ஆனால் கோடு எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். புனேயின் மகர்பட்டாவில் சுமார் 120 விவசாயக் குடும்பங்கள் 400 ஏக்கருக்கும் மேலான தங்கள் நிலத்தைத் தாங்களே ஒன்றுசேர்த்து, பங்குதாரர்களாக இருந்து நகரியம் கட்டினார்கள். பெரும்பாலும் சொந்தபந்தம் என்பதால் அது கைகூடியது. எல்லா ஊருக்கும் பொருந்துமா என்பது சந்தேகம்தான். சன்னராயபட்டணாவிலும், விரும்பித் தருகிறவர்கள் தரலாம், கூடுதல் இழப்பீடும் மேம்படுத்திய மனையும் உண்டு என்று முதலமைச்சர் அன்றே ஒரு வாக்கியம் சேர்த்துச் சொன்னார். ஒருவர் தருவார், பக்கத்து வயல்காரர் தர மாட்டார். நடுவில் இருக்கும் வாய்க்கால் யாருக்கு?

அடுத்த அத்தியாயம் தெற்கே திறக்கிறது. பெங்களூரைச் சுற்றிவரும் சுமார் 280 கிலோமீட்டர் துணைநகர வட்டச் சாலை, தொட்டபள்ளாபுரம், தேவனஹள்ளி, ஒசகோட்டை வழியாக வந்து தமிழ்நாட்டு எல்லைக்குள் ஓசூர்ப் பக்கமும் நுழைகிறது. ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளுக்கான விமான நிலையம் வரும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2024 ஜூன் மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார். பெங்களூரு விமான நிலையத்தோடு மத்திய அரசு போட்ட ஒப்பந்தப்படி 150 கிலோமீட்டர் தொலைவுக்குள் 2033 வரை புதிய விமான நிலையம் வருவதற்குத் தடை இருக்கிறது. ரோஜாவும் குடைமிளகாயும் பயிரிடும் ஓசூர் வட்டாரத்துக்கு இது கையில் கிடைத்த அவகாசம். எந்த நிலம் விளைநிலமாகவே நிற்கும், எந்த ஏரிக்கு எந்த ஓடை போகும், வேலைக்கு வருகிறவர்கள் எங்கே குடியிருப்பார்கள் என்பதை அறிவிக்கைக்கு முன்னால் எழுதி ஊர் அறிய வைக்க இன்னும் நேரம் இருக்கிறது.