குறியும் கருவியும்

(ஆயுத பூசை தினத்தன்று நமது சங்கத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆயுத பூசை நாளிலே துப்பாக்கியைப் பற்றிப் பேசப் போகின்றோம் என்றதும் முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர் சிலரின் முகம் சுருங்குவதைக் காண்கின்றோம். அது இயல்பே. 1983ஆம் ஆண்டையும், 2009 வரை நீடித்த யுத்தத்தையும் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். தமிழ் வாலிபனையும் துப்பாக்கியையும் சேர்த்துச் சொன்ன பேச்செல்லாம் எத்தனை வீடுகளில் அழுகையாக முடிந்தது என்பதை அவர்கள் அறிவார்கள். ஆயினும், குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கு எத்தகைய கைத்துப்பாக்கி நல்லது, அதை எங்கே வாங்கலாம் என்று நம் வாலிபர் சிலர் கேட்டு வருகின்றனர். கேள்வியை அடக்கினால் அது இருட்டில் போய் விடை தேடும். ஆகவே, சபையில் வைத்தே விடை கூறத் துணிந்தோம்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது? 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கி நாட்டு யூசுப் டிகெச் என்பவர் சாதாரணக் கண்ணாடி அணிந்து, ஒரு கையைக் காற்சட்டைப் பையில் விட்டபடி சுட்டு, கலப்பு இரட்டையர் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அந்தப் படத்தை உலகமே பார்த்தது. கருவி எதுவும் வேண்டியதில்லை என்று பலர் முடிவு கட்டிவிட்டனர். அது பிழை. அவர் துறந்தது கண் மறைப்பு, விசேட வில்லை போன்ற துணைப் பொருள்களையே. கையிலிருந்தது போட்டிக்கென்றே செய்யப்பட்ட துப்பாக்கி. அதன் பின்னால் நின்றது பல ஆண்டுப் பயிற்சி.

நம் நாட்டுக்கும் இவ்விளையாட்டு புதிதன்று. 1994இல் கனடாவின் விக்டோரியா நகரில் நடைபெற்ற பொதுநலவாய விளையாட்டு விழாவில், புஷ்பமாலி ராமநாயக்க, மாலினி விக்கிரமசிங்க என்னும் இலங்கை மங்கையர் இருவர் காற்று ரைபிள் இரட்டையர் போட்டியில் தங்கப் பதக்கம் வென்றனர்.

இனி, கருவிக்கு வருவோம். பத்து மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் வெடிமருந்து இல்லை. அழுத்தப்பட்ட காற்றே 4.5 மில்லிமீற்றர் ஈயச் சன்னத்தைத் தள்ளுகிறது. ஒற்றைக் கையால் சுடவேண்டும். பத்துப் புள்ளி தரும் நடு வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர். தகுதிச் சுற்றில் 75 நிமிடத்தில் 60 சன்னங்கள் சுடவேண்டும்.

தெரிவு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது கைப்பிடி. நம் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டும் ஒருவர் தம் கத்தியை இன்னொருவருக்கு இரவல் கொடுக்க மனம் ஒப்பாததை நாம் அறிவோம். பிடி அவர் கைக்கென்று தேய்ந்து பழகியிருக்கும். துப்பாக்கியும் அப்படியே. மரப் பிடியை உள்ளங்கைக்கு ஏற்பச் செதுக்கியும், வேண்டிய இடத்தில் பசை மாவு வைத்து நிரப்பியும் பொருத்துவார்கள். கண்ணை மூடிக் கையை உயர்த்தித் திறந்தால் முன்குறி தானாகவே பின்குறியின் நடுவில் நிற்க வேண்டும். வலக்கைப் பிடி இடக்கையாளருக்கு உதவாது. ஆனால், பிடி மணிக்கட்டைத் தாங்குவதாக இருக்கக்கூடாதென்பது விதி.

இரண்டாவது, விசை. இப்போட்டியில் விசையின் இழுப்பு 500 கிராமுக்குக் குறையக்கூடாது. நிறைக்கல்லைத் தொங்கவிட்டு நடுவர் சோதிப்பார். விதிக்குக் கீழே இளக்கி வைப்பது திறமை அன்று, அது மோசடி.

மூன்றாவது, நிறையும் சமநிலையும். முழுத் துப்பாக்கியும் 1500 கிராமுக்கு மேற்படக்கூடாது. கனம் முன்னால் இருந்தால் குழல் அசைவது குறையும். ஆனால் தோள் சீக்கிரம் களைக்கும். அறுபதாவது சன்னத்தையும் தாங்கும் கனமே நமக்கு ஏற்ற கனம்.

நான்காவது, குறிகள். தொலைநோக்கி வில்லை பொருத்த அனுமதியில்லை. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 32 சென்ரிமீற்றர் இருப்பதாகக் கொள்வோம். அவ்விரண்டும் ஒரு மில்லிமீற்றர் பிசகினால், பத்து மீற்றரில் சன்னம் 31 மில்லிமீற்றர் விலகும். பத்துப் புள்ளி ஏழாகிவிடும். கண் இலக்கில் அன்று, முன்குறியில் நிற்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

சப்பாத்து கணுக்காலை மூடாததாகவும், அடி தட்டையானதாகவும் இருக்கட்டும். பழைய துப்பாக்கி வாங்குவோர் காற்று உருளையின் காலவரையறையைப் பார்க்கத் தவறக்கூடாது. பொதுவாக அது பத்து ஆண்டு. பழுதும் ஒரு பாடமே. 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் மனு பாக்கருடைய துப்பாக்கி போட்டி நடுவே பழுதாகி, விலைமதிப்பற்ற நிமிடங்கள் பறிபோயின. இரண்டு புள்ளியால் இறுதிச் சுற்றை இழந்தார். அவரே 2024இல் பாரிஸில் இரண்டு வெண்கலப் பதக்கங்களோடு திரும்பினார்.

இவ்வளவும் கேட்ட வாலிபர், அப்படியானால் சங்கம் ஒன்று வாங்கித் தரட்டும் என்பர். நாம் வேண்டாம் என்கிறோம். அதற்குக் காரணங்கள் மூன்று.

ஒன்று, சட்டம். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றும் நம்மை ஆள்கிறது. காற்றுத் துப்பாக்கிதானே என்று எண்ணி உத்தரவின்றி வாங்குவதும், வெளிநாட்டிலிருந்து வருவிப்பதும், வீட்டிலே செய்து பார்ப்பதும் கூடவே கூடாது. காட்டுப் பன்றிக்கென்று வைத்த கட்டுத்துவக்கில் மனிதர் அடிபட்ட செய்திகளை நம் ஊவா மாகாணத்திலேயே படித்திருக்கின்றோம். இரண்டு, பணம். நல்ல போட்டித் துப்பாக்கி ஒன்று பல இலட்சம் ரூபா. அந்தத் தொகையில் எத்தனை பிள்ளைகளின் படிப்பு நடக்கும்! மூன்று, பெரியோரின் அச்சம். அதை மதியாமல் பெறும் பதக்கம் நமக்கு அழகாகாது.

அப்படியென்றால் ஆசையைப் புதைத்துவிடுவதா? அதுவும் வேண்டாம். அடுத்த மலையிலுள்ள தியத்தலாவையில் படையினர் சுடப் பழகுகின்றனர். அங்கே சுடுவது நம் பிள்ளைகளுக்கு அச்சத்தின் சத்தமாகவே இருக்க வேண்டுமா? விளையாட்டு அதிகாரிகளிடம் சங்கம் எழுத்து மூலம் விண்ணப்பிக்கட்டும். அனுமதி பெற்ற களத்தில், பயிற்சியாளரின் கண் முன்னே, சிங்கள, முஸ்லிம் பிள்ளைகளோடு தோளுரசி நம் பிள்ளைகளும் நிற்கட்டும். நமது கோரிக்கை அதுவே.

அதுவரை செலவில்லாத ஒரு பயிற்சியைச் சொல்லி அமைகின்றோம். சுவரில் கறுப்புப் பொட்டு ஒன்று வைத்து, ஒரு கிலோ நிறையுள்ள தண்ணீர்ப் போத்தலை நீட்டிய கையில் ஏந்தி, மூச்சை அடக்கிப் பத்து எண்ணும்வரை அசையாது நில்லுங்கள். நாள்தோறும் முப்பது முறை, மூன்று மாதம் செய்யுங்கள். ஹங்கேரி நாட்டுக் கரோலி டக்காச் 1938இல் கைக்குண்டு வெடித்து வலக்கை சிதைந்தபின், இடக்கையைப் பழக்கி 1948இலும் 1952இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அவர் முதலில் பழக்கியது துப்பாக்கியை அன்று, கையையும் மனத்தையும்தான்.

பறவையின் கண்ணொன்றையே கண்ட அர்ச்சுனன் கதையை நாம் அறிவோம். காண்டீபம் அவன் கைக்கு வந்தது அதற்கு வெகுகாலத்தின் பின்னரே. முதலில் வந்தது பார்வை.

பூசைத் தட்டில் இன்று கவ்வாத்துக் கத்தியும் ஏடும் எழுதுகோலும் இருக்கின்றன. கருவி எதுவாயினும், அதை ஏந்தும் கை தூய்மையாக இருக்கட்டும்.