குத்தகையும் கையூட்டும்
(ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரை)



"குத்தகையாளர் தம் இலாபத்திலிருந்து யாருக்கோ எதையோ கொடுக்கிறார், அதனால் நமக்கென்ன நட்டம்?" என்று கேட்போர் நம்மிடையே உண்டு. இதற்கு விடை காண ஒரு வழக்கைப் பார்ப்போம்.

சரவாக்கின் உட்பகுதிகளிலுள்ள 369 பள்ளிகளுக்குச் சூரிய ஒளியாலும் மின்னாக்கிகளாலும் மின்சாரம் வழங்க, 1,250 மில்லியன் வெள்ளியில் குத்தகை ஒன்று விடப்பட்டது. திறந்த டெண்டர் இல்லை. நேரடிப் பேச்சின்வழி அது ஒரு நிறுவனத்துக்குச் சென்றது. அதனைப் பெற்றுத்தர 187.5 மில்லியன் வெள்ளி கேட்டதாகவும், 6.5 மில்லியன் வெள்ளி பெற்றதாகவும் முன்னாள் பிரதமரின் துணைவியார் ரோஸ்மா மன்சோர் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 2022 செப்டம்பர் 1ஆம் நாள் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனத் தீர்ப்பளித்து, 10 ஆண்டுச் சிறையும் 970 மில்லியன் வெள்ளி அபராதமும் விதித்தது. அவர் மேல்முறையீடு செய்தார்.

அவர் அமைச்சருமல்லர், அரசாங்க அதிகாரியுமல்லர். செல்வாக்கைக் காட்டிக் கையூட்டுக் கேட்பதும் குற்றமே என்பதை நாம் இங்கே கவனிக்க வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளின் சதவீதக் கணக்கைச் சற்றே போட்டுப் பார்ப்போமா? கேட்ட தொகை குத்தகை மதிப்பில் நூற்றுக்குப் பதினைந்து. 369 பள்ளிகளுக்கும் அதனைப் பங்கிட்டால், பள்ளியொன்றுக்கு ஐந்து இலட்சம் வெள்ளிக்கு மேல் வருகிறது. மின்னாக்கி நின்றதும் மண்ணெண்ணெய் விளக்கில் பாடம் படித்த முதியோர் நம்மிடையே இன்றும் உள்ளனர். அத்தொகையின் அருமை அவர்களுக்குப் புரியும்.

இத்தகைய பணத்தை எந்தக் குத்தகையாளரும் தம் வீட்டிலிருந்து கொண்டுவருவதில்லை. ஒன்று, விலையில் ஏற்றிவைப்பார். அன்றேல், வேலையில் குறைப்பார். சாலையில் தார் மெலியும், பாலத்தில் கம்பி குறையும். பெர்ணம் ஆற்றையொட்டிய தாழ்நிலத்தில் வாழும் நமக்கு, கரைக்கட்டில் மண் சரியாக இறுக்கப்படாவிட்டால் என்ன நேரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

"கொடுக்காவிட்டால் வேலை கிடைக்காது" என்பது கொடுப்போர் கூறும் சமாதானம். அதனை நாம் ஏற்பதற்கில்லை. அவர் கொடுத்ததனாலேயே, குறைந்த விலையில் நன்றாகச் செய்யக்கூடிய வேறொருவர் வெளியே நிற்கிறார்.

சட்டமும் கொடுப்பவரை விடுவதில்லை. 2009ஆம் ஆண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி, இருவருக்கும் இருபது ஆண்டுவரை சிறையும், கையூட்டைப்போல் ஐந்து மடங்கு அபராதமும் விதிக்கலாம். மேற்கூறிய 970 மில்லியனும் அந்த ஐந்து மடங்கே. 2020 ஜூன் 1 முதல் நிறுவனங்களும் பொறுப்பேற்க வேண்டியுள்ளது.

நம்மில் எவரிடமேனும் கையூட்டுக் கேட்கப்பட்டால், விரைவில் ஆணையத்திடமோ காவல் துறையிடமோ தெரிவித்தாக வேண்டும். தக்க காரணமின்றி மறைப்பதும் குற்றமாகும். எழுத இயலாதவர்கள் வாய்மொழியாகவே புகார் செய்யலாம்.