வீ: உயிரணுவின் உதிர்வு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மங்கல விழாவில் சாவைப் பற்றிப் பேசலாமா என்று நீங்கள் எண்ணக்கூடும். நான் பேச வந்தது உயிரைக் காக்கும் சாவு. அதற்கு நல்ல தமிழ்ப் பெயர் வேண்டும். அதைப் பாவலர்களிடம் கேளாமல் வேறு யாரிடம் கேட்பது?

1972-ஆம் ஆண்டில் கெர், வைலி, கர்ரி என்னும் மூன்று நோய்க்குறியியல் அறிஞர்கள், உயிரணுக்கள் ஒழுங்கான முறையில் மடிவதை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். பெயர் தேடி அவர்கள் சென்றது அபர்தீன் பல்கலைக்கழகக் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக்கிடம். மரத்திலிருந்து இலையும் மலரிலிருந்து இதழும் உதிர்வதைக் குறிக்கும் சொல்லை அவர் எடுத்துக் கொடுத்தார். 'அப்போப்டோசிஸ்' அவ்வாறு பிறந்தது. அறிவியலுக்குச் சொல் தந்தவர் ஒரு மொழிப் பேராசிரியர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது.

தீக்காயத்தில் மடியும் உயிரணு வீங்கி வெடிக்கும். சுற்றிலும் அழற்சி உண்டாகும். உதிரும் உயிரணு அவ்வாறன்று. அது சுருங்கும். காஸ்பேஸ் என்னும் நொதிகள் உள்ளிருந்தே அதன் புரதங்களைத் துண்டாக்கும். பின்னர் அது சிறுசிறு பொதிகளாகப் பிரியும். சவ்வின் உட்புறத்தில் இருக்க வேண்டிய கொழுப்பு மூலக்கூறு ஒன்று வெளிப்புறம் வந்து, அண்டை அணுக்களுக்கு அழைப்பு விடுக்கும். அவை அப்பொதிகளை விழுங்கிப் பயன்படுத்திக் கொள்ளும். காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்பது பழமொழி. இங்கோ குருத்தோலை சிரிப்பதில்லை, ஏந்திக் கொள்கிறது.

மழைக்காலத்தில் நம் ஏரிக்கரையில் தலைப்பிரட்டை வாலிழந்து தவளையாவது இம்முறையால்தான். கருவில் நம் கை முதலில் துடுப்புப் போலிருக்கிறது. இடைப்பட்ட அணுக்கள் மடிந்த பின்னரே விரல்கள் பிரிகின்றன. வாத்தின் காலில் அச்சாவு பெரும்பாலும் தடுக்கப்படுவதால் சவ்வு தங்கிவிடுகிறது. பெருமுக்கல் மலைக் குகையில் தொல்மாந்தர் பாறையைக் கொத்தி அகற்றியே உருவங்களைச் செய்தனர். இயற்கையும் அகற்றியே கையைச் செதுக்குகிறது.

ஒரு சிறு உருளைப்புழுவினத்தில் இதனை எண்ணியே காட்டிவிட்டனர். அதன் வளர்ச்சியில் தோன்றும் 1090 உடலணுக்களில் சரியாக 131 மடிகின்றன; 959 எஞ்சுகின்றன. இந்த ஒழுங்கை ஆளும் மரபணுக்களைக் கண்டதற்காகப் பிரென்னர், சல்ஸ்டன், ஹார்விட்சு ஆகியோர் 2002-இல் நோபல் பரிசு பெற்றனர்.

உதிர்வு மிகினும் குறையினும் நோய். மூளை நரம்பணுக்கள் அளவுக்கு மீறி மடிவது அல்சைமர் போன்ற நோய்களில் காணப்படுகிறது. மடிய வேண்டிய அணு மடிய மறுப்பது புற்றுநோயின் இயல்புகளுள் ஒன்று. பழுதுற்ற அணுவை மடியத் தூண்டும் பி53 என்னும் மரபணு, ஏறத்தாழப் பாதிப் புற்றுநோய்களில் சிதைந்திருக்கிறது. நம் ஊர்களில் நித்தியகல்யாணி என்றும் சுடுகாட்டு மல்லி என்றும் வழங்கும் செடியிலிருந்து வின்கிரிஸ்டின் என்னும் மருந்து கிடைக்கிறது. அது பிளவுறும் புற்றணுவைத் தடுத்து நிறுத்தி, மறந்துபோன சாவை அதற்கு நினைவூட்டுகிறது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை எதிர்ப்பதில் அதற்கு முதன்மையான இடமுண்டு. மங்கலப் பெயரும் மயானப் பெயரும் ஒரே செடிக்கு அமைந்தது எத்துணைப் பொருத்தம்!

இனிப் பெயருக்கு வருவோம். தமிழில் சிலர் இதனை 'உயிரணுத் தற்கொலை' என்று எழுதுகின்றனர். அச்சொல் வேண்டா என்பதே என் வேண்டுகோள். தற்கொலை துயரத்தின் சொல். இழந்த வீட்டார் நெஞ்சைச் சுடும் சொல். மனமற்ற அணுவுக்கு விரக்தி ஏது? மேலும் அச்சொல், தன்னை மாய்ப்பது இயற்கையின் நெறி என்னும் பொய்யை மாணவர் உள்ளத்தில் விதைத்துவிடக்கூடும்.

'உதிர்வு' எளிய சொல். ஆனால் முடி உதிர்வையே பலர் நினைப்பர். நம்மிடம் பழஞ்சொல் ஒன்று உண்டு. அரும்பு முதல் செம்மல் வரை மலரின் பருவங்களைப் பெயரிட்ட நம் முன்னோர், உதிரும் பூவை 'வீ' என்றனர். வீதல் என்றால் சாதல்; வீவு என்றால் முடிவு. பூவின் உதிர்வும் உயிரின் முடிவும் ஒரே சொல்லில் நிற்கின்றன. கிரேக்கப் பேராசிரியர் தேடித் தந்த பொருள் நம் ஓரெழுத்தில் உறங்குகிறது.

ஆகவே 'உயிரணு வீவு' என்பதை உங்கள் முன் வைக்கிறேன். இதனினும் சிறந்த சொல் உங்களுள் ஒருவருக்குத் தோன்றினால், என் சொல் மகிழ்வுடன் உதிரட்டும்.