முகப்பதும் பொழிவதும்



ஒரு பொருளுக்கு இடும் பெயர் அதன் இயல்பைக் காட்டுதல் வேண்டும், மறைத்தல் கூடாது. இன்று மக்கள் தம் படங்களையும் எழுத்துகளையும் ‘முகிலில்’ இட்டு வைப்பதாகக் கூறுகின்றனர். முகில் என்றவுடன் எடையின்றி வானில் மிதப்பதொன்றே உள்ளத்தில் தோன்றும். உண்மையோ வேறு. அம்முகில் மண்ணில் நிற்கிறது. பல்லாயிரம் கணிப்பொறிகளை அடுக்கிய பெருங்கட்டடம் அது. தரவு நடுவம் என்பதே அதன் நேர்ப்பெயர். இரவும் பகலும் அது மின்னாற்றலை உண்கிறது. உண்ட ஆற்றல் வெப்பமாகிறது. அவ்வெப்பத்தைத் தணிக்கவும் மீண்டும் மின்னாற்றலே வேண்டும்.

இதன் விளைவை அறிய அயர்லாந்தைப் பாருங்கள். கணிப்பொறித் துறைப் பெருநிறுவனங்கள் பல, தப்ளின் நகரைச் சுற்றி இக்கட்டடங்களை எழுப்பின. அந்நாட்டில் அளந்து வழங்கப்பெற்ற மின்னாற்றலில் 2015-ஆம் ஆண்டில் நூற்றுக்கு 5 பங்கே இவற்றுக்குச் சென்றது. 2023-இல் அது 21 பங்காயிற்று. நகர்ப்புற வீடுகள் அனைத்தும் சேர்ந்து அவ்வாண்டு கொண்டது 18 பங்கே! 2024-இல் நடுவங்களின் பங்கு 22. இது அந்நாட்டு நடுவண் புள்ளியியல் அலுவலகத்தின் கணக்கு.

மின்கம்பி நீரைத் தேக்கி வைக்கும் ஏரியன்று. மின்தொகுப்பில் ஆக்கமும் நுகர்வும் நொடிதோறும் ஒத்திருத்தல் வேண்டும். தரவு நடுவம் ஓரிரண்டு ஆண்டில் எழுந்துவிடும். உயரழுத்த மின்தடம் அமைக்கவோ பல்லாண்டு ஆகும். நுகர்வு முந்துகிறது, கம்பி பிந்துகிறது. ஆகவே, இணைப்புக் கேட்போர் தாமே மின்னாக்க வல்லரா, நெருக்கடியில் நுகர்வைக் குறைப்பரா என்று ஆய்ந்தே வழங்குக என 2021-இல் அந்நாட்டு ஒழுங்காணையம் பணித்தது. தப்ளின் பகுதியில் 2028 வரை புதிய இணைப்புக்கு இடமில்லை எனும் நிலையை மின்தொகுப்பை நடத்தும் எயர்கிரிடு நிறுவனம் 2022-இல் மேற்கொண்டது.

மிகுதியாக உண்பது மட்டுமன்று, பந்தியினின்று ஒருங்கே எழுந்து விடுவதும் இடரே. 2024 சூலையில் அமெரிக்காவின் வர்சீனியா மாநிலத்தில் ஒரு மின்தடம் பழுதுற்றது. மின்னழுத்தம் அடுத்தடுத்துத் தாழவே, ஏறத்தாழ 60 தரவு நடுவங்கள் தொகுப்பினின்று விலகித் தம் காப்பு மின்னாக்கிகளுக்கு மாறின. 1,500 மெகாவாட் அளவான நுகர்வு ஒரே நேரத்தில் மறைந்தது. அழுத்தம் ஏறிற்று, தொகுப்பைக் காப்போர் விரைந்து அதனைத் தாழ்த்தினர்.

தரவு நடுவமே வேண்டா என்பதன்று இதன் முடிவு. மருத்துவமனையும் வைப்பகமும் இன்று அதனை நம்பியே இயங்குகின்றன. ஆனால், ஊருக்குப் பொதுவான கம்பியில் பெரும்பங்கு கொள்வோர், அக்கம்பியை வலுப்படுத்தும் செலவிலும் பெரும்பங்கு ஏற்றல் வேண்டும். அச்சுமையை ஒற்றை விளக்கெரிக்கும் குடிமகன் தலையில் ஏற்றுதல் அறமாகாது.

நீரை முகப்பதால் அது முகில். முகந்ததை மண்ணுக்கே பொழிவதால் அதற்குப் பெருமை. தப்ளினை அடுத்த தாலாவில், தரவு நடுவமொன்று கழிக்கும் வெப்பம் 2023 முதல் குழாய்வழிச் சென்று பொதுக் கட்டடங்களுக்குக் கதகதப்பூட்டுகிறது. அது சிறு தூறலே. எனினும் வழி அதுதான். முகப்பதற்கு ஏற்பப் பொழியட்டும். அதன்பின் முகிலென்னும் பெயர் பொருந்தும்.